அந்த சுவிட்சை அணைக்கச் சொன்னவள் நான்

மூன்று வருடங்களுக்கு முன்னால், மலேசியாவில், பெட்டாலிங் ஜெயா நகரில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் நடந்தது இது. அப்போது நான் வீட்டு இணையச் சேவை தரும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் ரயில் பிடித்து வேலைக்குப் போய்வருவேன். வைஃபை வரவில்லை, லைன் மெதுவாக இருக்கிறது, மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று நாள் முழுக்க அழைப்புகள் வரும். நாங்கள் இங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அங்கே வீட்டில் இருப்பவர் தன் கையாலேயே செய்து சரிபண்ண வேண்டும்.

உண்மையில் அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பாதிப் பிரச்சினைகள் மோடத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடியும் போட்டாலே தீர்ந்துவிடும். மீதியில் கொஞ்சம் வயர் சரியாகச் சொருகாததால் வருவது. அதற்கும் மேலே போனால்தான் டெக்னீஷியன். எங்கள் கம்ப்யூட்டர் திரையில் ‘ரீஸ்டார்ட் செய்தாயிற்றா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால்தான் அடுத்த பக்கமே திறக்கும். டிக் இல்லாமல் ஆள் அனுப்ப முடியாது.

இன்னொரு விதியும் இருந்தது. ஓர் அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு தாண்டினால் திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் சிவப்பாகிவிடும். மாதக் கடைசியில் யார் யாருக்கு எத்தனை சிவப்பு என்று பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆகியிருந்த நான் அந்தச் சிவப்பு வராமல் பார்த்துக்கொள்வதிலேயே குறியாக இருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியத்திலிருந்தே கிள்ளான் பக்கம் இடியும் மழையும். மழை என்றால் எங்களுக்கு அழைப்புகள் குவியும். சுவரில் இருந்த பெரிய திரையில், காத்திருப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று மணி இருக்கும். அடுத்த அழைப்பை எடுத்தேன்.

வயதான ஒருவரின் குரல். மலாயில் ஆரம்பித்தார். இரண்டே வாக்கியத்தில் தமிழர் என்று தெரிந்துவிட்டது. “தமிழ்லயே பேசுங்க அங்கிள்” என்றேன். அவருக்கு அவ்வளவு நிம்மதி. கிள்ளானை ஒட்டிய பண்டமாரானிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

“மிஸ், லைன் வருது, போகுது, வருது, போகுது. கேமரா கட் ஆகிடுது. என் மக ஃபேக்டரியில வேலை செய்யுறா. ரெஸ்ட் டைம்ல ஹேண்ட்ஃபோன்ல அவ அம்மாவப் பார்ப்பா. மூணரைக்கு அவளுக்கு ரெஸ்ட். கேமரா இல்லைன்னா பயந்துடுவா. அதுக்குள்ள சரி பண்ணிக் கொடுங்க லா.”

அம்மாவை ஏன் கேமராவில் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருடைய பழைய புகார்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை அழைத்திருந்தார். மூன்று வெவ்வேறு ஆட்கள் எடுத்துப் பேசியிருந்தார்கள். மூவரும் ஏறக்குறைய ஒரே குறிப்பைத்தான் எழுதியிருந்தார்கள்: ‘வாடிக்கையாளர் ரீஸ்டார்ட் செய்ய மறுக்கிறார். ஒத்துழைக்கவில்லை.’ அதைப் படித்ததுமே எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது. பிடிவாதக்காரர், இவரிடம் கொஞ்சம் அழுத்தித்தான் பேச வேண்டும் என்று.

“அங்கிள், மோடம் ப்ளக்கைக் கழட்டுங்க. அரை நிமிஷம் கழிச்சு மறுபடி போடுங்க.”

கொஞ்ச நேரம் முக்கும் சத்தம் கேட்டது. “கழட்ட வரல மிஸ். ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு.”

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ப்ளக் ஏன் ஒட்டிக்கொள்ளும்? ஆனால் என் கண் கடிகாரத்தில் இருந்தது. நான்கரை நிமிடம் ஓடியிருந்தது.

“அப்ப சுவத்துல இருக்கிற சுவிட்சை ஆஃப் பண்ணுங்க அங்கிள்.”

“அதை ஆஃப் பண்ண முடியாது மிஸ்.”

“பண்ணலைன்னா நான் ஆள் அனுப்ப முடியாது. சிஸ்டம் விடாது.”

“முன்னாடி பேசினவங்களும் இதையேதான் சொன்னாங்க. அதை எப்படி மிஸ் நான்...”

அவர் முடிப்பதற்குள் நான் குறுக்கே பேசிவிட்டேன். “அரை நிமிஷம்தானே அங்கிள்? இதைப் பண்ணாம இருக்கறதாலதான் மூணு தடவையும் உங்க வேலை நடக்கல. ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளுங்க.”

அவர் என் வார்த்தையையே திருப்பி என்னிடம் கேட்டார். “அரை நிமிஷம்தானே?”

“ஆமா அங்கிள்.”

“சரி, நீங்க சொல்றீங்க” என்றார். சுவிட்ச் ‘டக்’ என்று அணைந்த சத்தம் கேட்டது. நான் திரையில் டிக் போட்டேன்.

அடுத்த நொடி, அந்தப் பக்கத்திலிருந்து ‘பீப்’ என்று நிற்காத ஓர் ஓசை. காதைத் துளைக்கிற மாதிரி. ஏதோ திருடனுக்கு வைத்த அலாரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“அங்கிள், அது என்ன சத்தம்?”

“ஆக்சிஜன் மிஷின் மிஸ். அம்மாவோட மிஷின். அதுவும் மோடமும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல, இந்த சுவிட்சுலதான் இருக்கு.”

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். “ஆன் பண்ணுங்க! உடனே ஆன் பண்ணுங்க அங்கிள்!” என்று கத்தினேன். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சுவிட்சைப் போட்டார். ‘டப்’ என்று வெடித்த மாதிரி ஒரு சத்தம். “ஆ” என்று அவர் குரல். அதன் பிறகு அந்த அலாரம் மட்டும்தான் கேட்டது.

“அங்கிள்! அங்கிள்!”

எத்தனை நொடி என்று தெரியாது. எனக்கு அது நீண்டுகொண்டே போனது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். “எல்லாம் போச்சு மிஸ். மெயின் ட்ரிப் ஆயிடுச்சு. வீடே இருட்டா இருக்கு. எக்ஸ்டென்ஷன்லருந்து கரிஞ்ச வாசன வருது. இவளுக்கு மூச்சு இழுக்குது மிஸ்.”

இணைய வயரைப் பற்றி எனக்கு ஆயிரம் தெரியும். ஆக்சிஜனைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்த் தோழி உட்கார்ந்திருப்பாள். நுரையீரல் நோய் வந்த அவளுடைய அப்பாவை வீட்டில் ஆக்சிஜன் வைத்துத்தான் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தன் வாடிக்கையாளரை அப்படியே காத்திருப்பில் போட்டுவிட்டு என் பக்கம் வந்தாள்.

“சிலிண்டர் இருக்கிறதா என்று கேள்” என்றாள்.

இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், மூலையில். கரண்டு போனால் மாட்ட வேண்டும் என்று மகள் ஒரு தடவை காட்டிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் இவர் தன் கையால் ஒரு முறைகூடத் திறந்ததில்லை.

எங்கள் டீம் லீடர் என் பின்னால் வந்து நின்றார். என் கடிகாரம் சிவப்பானதைப் பார்த்துத் திட்டத்தான் வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் திரையின் பக்கம் குனிந்தார். திரையில் இருந்த வீட்டு முகவரியைக் காட்டி, ஆம்புலன்ஸ் என்று மட்டும் சொன்னேன். அந்த இடத்திலேயே தன் போனை எடுத்து 999-ஐ அழைத்தார்.

“சிலிண்டரைத் திறக்கச் சொல்லவா?” என்று தோழியைக் கேட்டேன். அவள் பொறு என்று கையைக் காட்டினாள். “புகை வருகிறதா என்று முதலில் கேள்.”

வருகிறது என்றார். கொஞ்சமாக.

“அப்படியானால் திறக்க வேண்டாம். ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு இருந்தால் வீடே பற்றிக்கொள்ளும். எரிகிற அந்தச் சாமானை வெளியே கொண்டுபோன பிறகுதான் சிலிண்டர்.”

இதை நான் அவரிடம் எப்படிச் சொல்வது? என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் மனைவி அங்கே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். இப்போது அதே நான், மனைவியை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள் என்று சொல்ல வேண்டும்.

சொன்னேன். அவர் குரல் உடைந்தது. “இவ உதடு நீலமா இருக்கு மிஸ். முதல்ல காத்து கொடுக்கணும்.”

“கொடுக்கலாம் அங்கிள். கொடுக்கத்தான் போறோம். அந்த எக்ஸ்டென்ஷன் உள்ள இருந்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து. சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, அங்க இருக்கிற ப்ளக்கை உருவுங்க. வயரைப் பிடிச்சு இழுத்து வாசலுக்கு வெளியே போட்டுடுங்க. எக்ஸ்டென்ஷன் மேல கையை வைக்காதீங்க.”

அவர் போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த நேரத்துச் சத்தங்களை நான் இன்றும் கனவில் கேட்பதுண்டு. ஒரு பக்கம் அலாரம். போனுக்கு மிக அருகில் ஒரு பெண் மூச்சை இழுக்கும் ஓசை, ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி. தூரத்தில் எதையோ தரையில் இழுத்துக்கொண்டு போகும் சத்தம். கதவு திறந்ததும் மழை இரைச்சல் பெரிதானது. நான் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் தோழி என் தோளில் கை வைத்திருந்தாள்.

திரும்பி வந்தார். “போட்டுட்டேன் மிஸ். இழுத்தப்ப மிஷின் ப்ளக் கழண்டுடுச்சு, மோடம் ப்ளக் கழலவே இல்ல. அதுவும் சேர்ந்து மழையில கிடக்குது.”

“கிடக்கட்டும் அங்கிள். வீட்டுல விளக்கு எரியுதா? சாமி மேடையில?”

எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா. அணைத்துவிட்டு வந்தார்.

இனி சிலிண்டர். தோழி மலாயில் ஒவ்வொரு அடியாகச் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன். மிஷினில் இருக்கும் குழாயைக் கழற்றி சிலிண்டரின் தலையில் இருக்கும் முனையில் மாட்டச் சொன்னோம். மாட்டினார். சிலிண்டர் கழுத்தில் கயிற்றில் தொங்கும் சாவியை எடுத்து, மேலே இருக்கும் ஆணியில் வைத்துத் திருப்பச் சொன்னோம்.

“திருப்புறேன். வரல மிஸ். இறுகிட்டே போகுது.”

“கடிகார முள்ளு சுத்துற பக்கம் இல்ல அங்கிள், அதுக்கு எதிர்ப் பக்கம்.”

“மேலருந்து பார்த்தாவா, கீழருந்து பார்த்தாவா?”

அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. தோழி அவசரமாகத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்து, மூடியைத் திருகிப் பார்த்தாள். “மேலேயிருந்து” என்றாள். “மேலருந்து அங்கிள்” என்றேன்.

‘உஸ்’ என்று ஓர் ஓசை. அதைவிட இனிமையான ஒன்றை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

“மீட்டர் முள்ளு ஏறுது மிஸ்!”

“டாக்டர் எவ்வளவு வைக்கச் சொன்னாங்க அங்கிள்? மிஷின்ல என்ன நம்பர்ல இருந்துச்சு?”

“ரெண்டு.”

“சிலிண்டர்லயும் ரெண்டுல வைங்க. மூக்குல வைக்கிற முனையை முதல்ல ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்க. முட்டை முட்டையா வந்தா காத்து வருதுன்னு அர்த்தம்.”

குமிழி வந்தது. குழாயைத் துடைத்து மனைவியின் மூக்கில் வைத்தார். தலையணையை உயர்த்தி உட்கார வைக்கச் சொன்னாள் தோழி. பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. காத்திருப்பதுதான் மிச்சம். போனை அந்த அம்மாவின் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். அந்த மூச்சை நான் எண்ண ஆரம்பித்தேன். முதலில் எண்ண முடியாத வேகத்தில் வந்தது. மெல்ல மெல்ல, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழ ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில், மிகவும் பலவீனமான ஒரு குரல் கேட்டது. “போன்ல யாரு?”

“இன்டர்நெட் மிஸ்” என்றார் அவர்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை அழைப்பைத் துண்டிக்கவில்லை. வந்தவர்கள் உள்ளே நுழையும் பேச்சுக்குரல் கேட்டது. போகும் அவசரத்திலும் அவர் போனை எடுத்து, “ரொம்ப நன்றி மிஸ். நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்” என்றார். மூலையில் ஓடிய கடிகாரம் நாற்பத்தேழு நிமிடம் காட்டியது.

அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். டீம் லீடர் என்னையும் தோழியையும் பாராட்டி மேலிடத்துக்கு மெயில் அனுப்பப்போவதாகச் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தோழி பாராட்டுக்கு உரியவள், அதில் சந்தேகமே இல்லை. நான் செய்தது எனக்குத் தெரியும்.

மறுநாள் டீம் லீடரிடம் போய், அந்த மெயிலை அனுப்புவதற்கு முன்னால் அழைப்பின் பதிவை முதலிலிருந்து கேளுங்கள் என்றேன். ஒரு சிறிய அறையில் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். முதல் நிமிடத்திலேயே நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெரியவர் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் அந்த மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சீரான உறுமல், நடுநடுவே ஒரு பெருமூச்சு. அணைக்கும் வரை ஒரு நொடி விடாமல் கேட்டது. அழைப்பின்போது அது என் காதில் விழவே இல்லை. ‘அதை எப்படி மிஸ் நான்’ என்று அவர் ஆரம்பித்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அடுத்த மூன்று வார்த்தைகளில் சொல்லி முடித்திருப்பார். டீம் லீடர் பதிவை நிறுத்தினார். பிறகு, முந்தைய மூன்று அழைப்புகளையும் எடுத்துக் கேட்கப்போவதாக மட்டும் சொன்னார். அந்த வாரமே, நாங்கள் பார்த்துப் படிக்கும் தாளில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் வரிக்கு மேலே, அதே சுவிட்சில் வேறு என்ன ஓடுகிறது என்று கேட்கும்படி ஒரு வரி சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மகள் எங்கள் எண்ணுக்கு அழைத்து, என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு முழுசாக மூச்சு வந்தது. அவர் நன்றி சொல்ல ஆரம்பித்தபோது நான் தடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். உங்கள் அப்பா முடியாது என்றார், நான்தான் அழுத்தி அணைக்கச் சொன்னேன் என்று.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அந்த எக்ஸ்டென்ஷன வாங்கி, எல்லாத்தையும் அதுலயே சொருகினது நான்தான் சிஸ்டர்” என்றார். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்னாராம். பெரிய மிஷினைத் தாங்க முடியாமல் உள்ளே உருகி, பிடிப்பு விட்டு விட்டு வந்திருக்கிறது. அது விடும்போதெல்லாம் மோடம் ஒரு நொடி அணைந்து, மறுபடி எழுந்து வரச் சில நிமிடம் எடுத்திருக்கிறது. லைன் வந்து வந்து போனதற்குக் காரணம் அதுதான். “கேமரா கட் ஆகும்போதெல்லாம் அப்பாதான் எதையோ தட்டி விடறாருன்னு நான் தினமும் ஏசினேன். அவரும் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நானும்தான் கேக்கல.”

இப்போது மிஷினுக்கென்று தனி வயர் இழுத்து, தனி சாக்கெட் போட்டிருக்கிறார்களாம். அப்பா சிலிண்டரைத் திறந்து மூட, வாரத்துக்கு ஒரு தடவை பழகுகிறாராம். அன்று அணைக்காமல் இருந்திருந்தால் அந்த எக்ஸ்டென்ஷன் வேறொரு நாள் எல்லோரும் தூங்கும்போது பற்றியிருக்குமே என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். இருக்கலாம். அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நல்லது நடந்தது தற்செயல். நான் கேட்காமல் விட்டது தற்செயல் இல்லை.

நான் இப்போது காஜாங்கில் வேறொரு நிறுவனத்தில், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் போனில் பேசும் வேலையைப் பழக்குகிறேன். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன், என் தவறைக் குறைக்காமல். கேட்டுவிட்டு, “அவ்வளவு நேரம் பதறாம எப்படிப் பேசினீங்க?” என்று சிலர் வியப்பார்கள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இன்றும் யாராவது என்னிடம் ஒன்றை முடியாது என்று சொன்னால், அந்த வார்த்தைக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் அடுத்த வார்த்தை பேச எனக்கு வாய் வருவதில்லை.